நாற்பது பஸ்தியான்

கயிறு போதவில்லை. அங்கேதான் தொடங்கியது.
கோட்டைக் கப்பித்தான் கொடுத்தது நூற்றிருபது பாகம்,
நுனியில் ஈயக்குண்டு.
கொட்டியாரக் குடாவின் வாயில்
முழுக்க இறங்கியும் கை இழுபட்டுக்கொண்டே இருந்தது.
"இன்னும் கயிறு கேட்போம்" என்றேன்.
காங்கேயன் பேசாமல் சுருட்டினான்.
மூன்று மாதம் கழித்துத் தேங்காயோடு வந்தான்.

காவி பூசிய நெற்று,
அதன்கீழ் ஒரு கல்,
இரண்டுக்கும் நடுவே அவன் வளைத்த இரும்புக் கொக்கி.
கல் தரை தட்டினால் கொக்கி நெகிழும்,
காய் தனியே மேலே வரும்.
எழுபது கொக்கி கெடுத்திருந்தான் கொல்லுலையில்.
"இது கயிறில்லாத கயிறு" என்றான்.
எனக்கோ தேங்காய் போகிறதே என்றிருந்தது.

போகவும் வரவும் ஆகும் நேரம் தெரிந்தால்
ஆழம் தெரியும்.
துடுப்புப் போடுகிறவனுக்கே அது விளங்கியது.
நேரத்துக்கு எங்கே போவது?
நாழிகை வட்டில் கொண்டுவந்தான்.
வள்ளம் ஆட, தண்ணீர் தளும்ப,
ஒரே இடத்தில் இரண்டு கணக்கு.
தன் நாடியைப் பிடித்துப் பார்த்தான்.
காய் தாமதித்தால் நாடி துள்ளியது.

பிறகு என் வாயைப் பார்த்தான்.

துடுப்பை மடியில் கிடத்தி நான் முணுமுணுத்தது
மங்களவார்த்தை.
ஒல்லாந்தன் காதில் விழுந்தால் முதுகுத்தோல் மிஞ்சாது.
மணிகள் இடுப்புச் சீலைக்குள் இருந்தன.
வாயை மூடினேன்.
"நிறுத்தாதே பஸ்தியான்,
இந்தக் கடலில் ஆடாத பொருள் அது ஒன்றுதான்."

பத்துப் பாகத்துக்கு நாலு மணி.
இருபதுக்கு எட்டு.
கயிற்றால் அளந்த நூறு பாகத்தில் காயை விட்டோம்:
நாற்பது.
தொடையில் அடித்துக்கொண்டான், வள்ளம் கவிழப் பார்த்தது.
மரத்திலிருந்து விழும் காய்க்குப் போகப்போக வேகம்,
நீருக்குள் விழுவதற்கு ஒரே நடை.
ஏன் என்று கேட்டேன்.
"தெரியாது" என்றான், பாயாசம் குடித்தவன்போல்.

அவனுடைய ஏட்டில் மூன்று பத்தி:
இடம், பஸ்தியான், பாகம்.
துபாசி வாசித்தான். கப்பித்தான் நிமிர்ந்தான்.
பஸ்தியான் என்றால் என்ன?
வாசலில் துடுப்போடு நின்ற எனக்கு
முழங்கால் இரண்டும் கழன்றன.
"எங்களூர் அளவை, துரை.
நாழிகையை நூற்றுநாற்பத்துநாலாக வகுத்தால் ஒரு பங்கு."
கண் இமைக்கவில்லை.
அந்த வகுத்தலை முதல்நாளிரவே செய்து வைத்திருந்தான்.

ஓர் எண்ணுக்கு ஒரு பணம் கூலி.

குடா வாய்க்குத் திரும்பினோம்.
சோழகம் ஓய்ந்த காலை, எண்ணெய்போல் கடல்.
பதினாலு கீறல் போட்ட காயை விட்டான்.
ஐம்பது சொன்னேன். நூறு சொன்னேன்.
நூற்றைம்பத்துமூன்றில் மாலை முடிந்தது.
மறுபடி முதல் மணிக்குப் போனேன்.
தொண்டை வறண்டு, வெயில் உச்சிக்கு வந்து,
கோணேசர் மலையின் நிழல் சுருங்கி,
ஒன்றும் வரவில்லை.

"நானூறு என்று எழுது" என்றேன்.
"யார் சொன்னது நானூறு? நீயா, காயா?"
வரவில்லை என்று எழுதினான்.
அந்த வரிக்குப் பணம் கிடைக்கவில்லை.
அடுத்த மாதம் எங்கள் வேலையும் போயிற்று.

வாடையில், சாம்பல்தீவுக் கரையில்
கணவாய் ஓடுகளுக்கிடையே கிடந்தது,
பதினாலு கீறலோடு.
ஒரு பக்கம் உள்ளே நெரிந்திருந்தது, கை முட்டி பதியும் அளவு.
ஆழம் நெரித்ததா, பாறை மோதியதா,
நாங்கள் கண்ணயர்ந்தபோது மேலே வந்து
நீரோட்டத்தில் நழுவிப் போனதா?
காங்கேயன் மூன்றையும் எழுதினான்.
எதையும் அடிக்கவில்லை.

அவன் காய்ச்சலில் போய் ஆறு வருடம்.
இன்னும் மணி உருட்டுகிறேன், விளக்கணைத்த பிறகு.
மூன்றாவது பத்தில் நாக்கு ஓடத் தொடங்கும்,
படகின் மறுநுனியிலிருந்து குரல் கேட்கும்:
வேகம் கூட்டாதே பஸ்தியான்,
காய் இன்னும் கீழேதான்.